யாருக்காக வாசிக்கிறார்?

என் வீட்டுக்காரருக்கு அவருடைய கூட்டாளிகள் வைத்த பெயர் மிஷின். தையல் மிஷின் என்பதன் சுருக்கம். கிட்டாரை மடியில் வைத்தால் போதும், விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது, அப்படி ஒரு வேகம். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், முடிந்ததும் விழுந்து விழுந்து கைதட்டுவார்கள். ஆனால் ஒருத்தராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சர்க்கஸில் கம்பி மேல் நடக்கிறவனைப் பார்ப்பார்களே, அந்த முகம்தான் எல்லோருக்கும். எனக்கும் அதே முகம்தான், கல்யாணமான நாளிலிருந்து.

அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒருநாள் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தால், பெண்டாட்டிக்குச் சந்தேகம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்கள்.

அவருக்குப் பகலில் இசைக்கருவிக் கடையில் வேலை. வாங்க வருகிறவர்களுக்குக் கிட்டாரை வாசித்துக் காட்ட வேண்டும். வார இறுதியில் ஒரு ஓட்டலில், நாலு பேர் சேர்ந்த குழுவில் வாசிப்பார். கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால், காலையில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து பயிற்சி. தாளம் தட்டுவதற்கு ஒரு குட்டிப் பெட்டி வைத்திருந்தார். டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார், விரல்களும் கூடவே ஓடும். எனக்கு அதுதான் கடிகாரம். பெட்டி நிதானமாக அடித்தால் அவசரமில்லை. தலைதெறிக்க அடித்தால் குளிக்கப் போகப்போகிறார், டிபனை எடுத்து வைக்க வேண்டும்.

ஒருநாள் பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. அதோடு அறைக் கதவும் சாத்திக்கொண்டது. அதற்கு முன்னால் அந்தக் கதவைச் சாத்த முடியும் என்றே எனக்குத் தெரியாது.

கதவுக்கு உள்ளேயிருந்து ஏதோ ஒரு மெட்டு வந்தது. ஒரு சுரத்தை விட்டுப் போக மனசில்லாமல், அதையே இழுத்துக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போகிற மாதிரி. நடுநடுவே நிறுத்தம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இந்த மனிதருக்குள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னங்க, டிக் டிக் பெட்டி ரிப்பேரா?"

"பேட்டரி தீர்ந்துடுச்சு."

அன்று சாயங்காலமே புதுப் பேட்டரி வாங்கி வந்து பெட்டியின் தலைமேல் வைத்தேன். அடுத்த வாரம் தூசி தட்டும்போது பார்த்தால் பேட்டரி உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அப்போதுதான் எனக்கு மூக்கில் வியர்த்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒரு சலவைக்கடையில் வேலை பார்க்கிறேன். விலை உயர்ந்த துணிகளை மருந்து போட்டு வெளுக்கிற கடை. துணி உள்ளே போகும் முன் பாக்கெட்டைத் துழாவுவதும், கறை எங்கே இருக்கிறது, எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை. ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் போதும், அந்த மனிதர் நேற்று என்ன சாப்பிட்டார், எந்தத் தோளில் யார் சாய்ந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது என்று என் நாத்தனார் சொல்வாள். சொல்லட்டும். எத்தனை குடும்பங்களின் கதை என் மேசை மேல் கிடந்திருக்கிறது என்று அவளுக்கு என்ன தெரியும்?

என் வீட்டுக்காரரின் சட்டையில் கறையைப் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். இடது கை மணிக்கட்டுப் பட்டியில் வெள்ளையாக ஒரு சொட்டு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. முகர்ந்து பார்த்தேன், வாசனையே இல்லை. மேலே காகிதத்தை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினேன். காகிதம் எண்ணெய் குடித்த மாதிரி ஆனது. மெழுகு.

இனி என் மூளை ஓடிய ஓட்டத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிப் பல மாதம் ஆகிறது. அதுவும் மஞ்சளாக, ஒரு வாடை அடிக்கும். இது நல்ல வெள்ளை, வாசனையே கிடையாது. அப்படிப்பட்ட மெழுகை எங்கே ஏற்றுவார்கள்? பெரிய ஓட்டல்களில், இரண்டு பேர் உட்காருகிற மேசைகளில். சாப்பாட்டு வாசனை கெடக்கூடாது என்று வாசனையில்லாத வத்தியாக வைப்பார்கள். கடைக்கு வருகிற பணக்காரச் சட்டைகளில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சரி, இடது கைப் பட்டியில் ஏன் சொட்ட வேண்டும்? மேசைக்குக் குறுக்கே கையை நீட்டியிருக்கிறார். எதற்காக ஒரு ஆண்பிள்ளை மேசைக்குக் குறுக்கே கையை நீட்டுவான்? எதிரில் இருக்கிறவளின் கையைப் பிடிப்பதற்குத்தான்.

அன்று வந்த துணி எதிலும் கறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் மெழுகாகத் தெரிந்தது.

நாத்தனாரிடம் சொன்னேன். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், எதற்கும் பதறாதவள்.

"அண்ணி, எங்க அண்ணனுக்கு ஒரு பொண்டாட்டிகிட்ட பேசவே வாய் வராது. இன்னொருத்தியையும் சமாளிப்பாரா?"

"மெழுகு எப்படி வந்துச்சு, சொல்லு."

"கரண்ட் போயிருக்கும்."

"கடையில ஜெனரேட்டர் இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள். எனக்குத்தான் வாழ்க்கையே கையை விட்டு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பிறந்த வீட்டில் ஆள் கிடையாது. இவர் ஒருத்தர்தான். அவரும் போய்விட்டால் சாயங்காலம் வீட்டைத் திறந்து நான் யாரைக் கூப்பிடுவேன்?

அந்த வாரக் கடைசியில் நானும் ஓட்டலுக்குப் போனேன். வழக்கமாகப் போகிறவள் இல்லை. சும்மா கேட்கலாம் என்று வந்தேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரிந்தது. தெரியட்டும் என்றுதானே போனேன். குழுவில் ஒரு புதுப் பாட்டுக்காரி சேர்ந்திருந்தாள். ஒல்லியாக, நீளக் கழுத்தோடு. அவள்தான் என்று பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன்.

அவள் பாடி முடித்ததும் இவர் தனியாக வாசிக்க வேண்டிய இடம். முன்பெல்லாம் அந்த இடத்தில் இவர் பட்டாசு கொளுத்துவார். அன்று இரண்டே இரண்டு கம்பிகளில், நாலைந்து சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, கதவுக்கு உள்ளே கேட்ட அதே இழுப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். எனக்குப் பக்கத்து மேசைப் பெரியவர் தன் மனைவியின் தோளைத் தொட்டார். பாட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முடிந்ததும் இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். டிரம்ஸ் வாசிக்கிறவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

நானும் அழுதேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. என் புருஷன் எவளையோ நினைத்து வாசிக்கிறார், அதைக் கேட்டு நான் உருகுகிறேன், இதைவிடக் கேவலம் உண்டா? என்னை நினைத்து ஒருநாள், ஒரே ஒருநாள் இப்படி வாசித்திருக்கக் கூடாதா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தால், மேடையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருடன், என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வாரம் புதன்கிழமை வீட்டுச் சாவியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். முதலாளிதான் இருந்தார்.

"அவர் புதன்கிழமை மதியம் இருக்க மாட்டாரேம்மா. ரெண்டு மாசமா அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், மறந்துட்டேன்" என்றேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன். சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை என் நாத்தனாரின் காரில் அவர் கடைக்கு எதிரே காத்திருந்தோம். நல்ல கார்தான். கூரை மேல் மட்டும் டிரைவிங் ஸ்கூல் என்று பெரிய பெட்டி, முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போட்டிருக்கும். வேவு பார்க்க இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. அவர் ஸ்கூட்டரில் புறப்பட்டதும் பின்னாலேயே போனோம். எங்களை முந்திப்போன ஒவ்வொருவனும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான். ஓட்டுகிற நாத்தனாரைப் பயிற்சிக்கு வந்தவள் என்றும், வேர்த்துக் கொட்டுகிற என்னைக் கற்றுக்கொடுக்கிறவள் என்றும் நினைத்திருப்பான்.

"அண்ணி, நெசமாவே எவளாவது இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று நான் யோசித்திருக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் முன்னால் அவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். கட்டட வாசலில் ஏழெட்டுப் பெயர்ப் பலகைகள். அதையெல்லாம் படிக்கிற நிலையிலா இருந்தேன்? அவர் ஏறிய படியில் நானும் ஏறினேன், நாத்தனார் பின்னாலேயே வந்தாள். முதல் மாடியில் அவர் நுழைந்த கதவு பாதி திறந்திருந்தது. காலால் தள்ளினேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் நீலச் சட்டை போட்ட ஒரு பெண். அவருடைய இடது கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"கையை விடு முதல்ல" என்றேன்.

அவள் விடவில்லை. "நீங்க?"

"அதை நான்தான் உன்னைக் கேக்கணும்."

"என் வைஃப்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க. உங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இவர்தான் பிடியே கொடுக்கல. உட்காருங்க."

அப்போதுதான் சுற்றும்முற்றும் பார்த்தேன். சுவரில் கை எலும்புகளின் படம். ரப்பர் பந்துகள், விரலுக்கு மாட்டுகிற சின்னச் சின்னப் பட்டைகள். மேசை ஓரத்தில் மின்சாரத்தில் சூடாகிற ஒரு தொட்டி. அதில் உருகிய வெள்ளை மெழுகு ஆவி பறந்துகொண்டிருந்தது. கையை அதில் முக்கி எடுத்தால் தசை இளகுமாம். பிசியோதெரபி செய்கிறவள் அவள்.

"உங்க மிஸ்ஸஸுக்கு நீங்களே காட்டுங்க சார்" என்று ஒரு கிட்டாரை எடுத்து நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாங்கினார். கையில் வாங்கும்போது விரல்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக் கம்பியைத் தொட்ட அந்த நொடியில், மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிச் சுருண்டுகொண்டன. யாரோ உள்ளேயிருந்து நூலைப் பிடித்து இழுத்த மாதிரி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தார். மறுபடியும் சுருண்டன.

வலி கிடையாதாம். சாப்பிடும்போதும் பொத்தான் போடும்போதும் ஒன்றும் ஆகாதாம். கிட்டாரைத் தொட்டால் மட்டும்தானாம். வருஷக்கணக்காக ஒரே அசைவை அவ்வளவு வேகமாகச் செய்ததில் மூளைக்கு அந்த விரல்களின் கணக்கு குழம்பிப்போய்விட்டதாம், நரம்பு டாக்டர் சொன்னாராம். பயிற்சி செய்யச் செய்ய இன்னும் மோசமாகுமாம். பழைய வேகம் திரும்புவது சந்தேகம்தான் என்று அவள் மெல்லச் சொன்னாள்.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாட்டுக்காரி இல்லை, எவளும் இல்லை. என் மனிதர் என்னோடுதான் இருக்கிறார். இத்தனை நாள் இருந்த பயமெல்லாம் அப்படியே சிரிப்பாக வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

நாத்தனார் என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கிட்டாரை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமா" என்றார். "அவ்வளவுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். மெழுகுக் கதையைச் சொன்னேன். ஓட்டல் மேசை, குறுக்கே நீட்டிய கை எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிக்னல்களில் ஒழுங்காக நின்று ஒழுங்காகப் புறப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. நான் வாசலில் நின்றேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? அவ்வளவுதானான்னு கேட்டிருப்பே."

"எனக்கு இருந்த பயத்துல வந்துடுச்சுங்க. உங்க கைக்கு ஆனது எனக்குக் கஷ்டமா இல்லையா?"

"டிரம்ஸ்காரன் அன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? இப்பதான்டா நீ மனசை வச்சு வாசிக்கிறேன்னான். அப்ப இத்தனை வருஷமா நான் எதை வச்சு வாசிச்சேன்?"

"அவர் கெடக்குறார்."

"மோதிர விரல் எட்ட வேண்டிய இடத்துக்கு நடு விரலை இழுத்துக்கிட்டுப் போறேன். இருக்கிறது ரெண்டு விரல், வேற வழி இல்ல. அந்த இழுப்பைக் கேட்டுத்தான் எல்லாரும் உருகுறாங்க. நொண்டி நடக்கிறவனைப் பார்த்து என்ன அழகா ஆடுறான்னு சொல்ற மாதிரி இருக்கு எனக்கு." குரலை உயர்த்தவே இல்லை. "நீயும் அழுதே. பார்த்தேன்."

"அது வேற. எவளையோ நினைச்சு வாசிக்கிறீங்கன்னு நினைச்சு அழுதேன்."

"வாசிச்சதுக்காக இல்ல?"

"இல்ல."

கண்கொத்திப் பாம்பு மாதிரி நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே இத்தனை நாளாக, இப்போது அவர் என்னை அப்படிப் பார்த்தார். துணியைத் திருப்பித் திருப்பிக் கறை தேடுகிறவளுக்குத் தெரியாதா அந்தப் பார்வை?

"அப்ப முன்னாடி வேகமா வாசிச்சது உனக்குப் பிடிச்சிருந்ததா?"

"பிடிக்காமலா?"

"எது பிடிச்சது? ஒண்ணு சொல்லேன்."

வாயைத் திறந்தேன். ஒன்றே ஒன்று போதும். எத்தனை காலைகள், எத்தனை மேடைகள், எல்லாம் இதே வீட்டில், இதே காதில் விழுந்தவைதான். பெயர் தெரியாவிட்டால் முனகியாவது காட்டலாம். டிக் டிக் என்று அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. வேறு எதுவுமே வரவில்லை.

அவர் தன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு விரல்களும் மடங்கிக்கொண்டன. மிச்சம் இருந்த இரண்டு விரல்களால், ஓட்டலில் வாசித்த அதையே ஆரம்பித்தார். கம்பியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது, நான் சொன்னது நிஜமா என்று பார்க்கிறார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். விரல் எட்டாமல்தான் இப்படி இழுக்கிறது, இது பாட்டில்லை, என் புருஷனின் கை போன கதை என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாவு டப்பா காலியாக இருப்பதை நினைத்தேன், நாளைக்கு வெளுக்க வேண்டிய கோட்டுகளை நினைத்தேன். ஒன்றும் உதவவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. அதைவிட நன்றாக நான் என் வாழ்நாளில் எதையும் கேட்டதில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடப் பயந்துகொண்டு நின்றேன்.

பாதியில் நிறுத்திவிட்டு, கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அமர்த்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டாவது சமாளித்திருப்பேன். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். இடது கையால்தான் நீட்டினார். ஐந்து விரல்களும் நேராக இருந்தன.